மொத்தத் தொகை

காப்புறுதியில் இரண்டு வகை இருக்கு என்றான் தயாபரன் அண்ணன்.
ஒன்று நானூற்றுப் பன்னிரண்டு டொலர்,
பழைய வருத்தங்களையும் பொறுக்கும்.
மற்றது அதில் பாதி,
விமானத்தால் இறங்கிய பிறகு வருவதை மட்டும் பார்க்கும்.
அவனுக்கு பிரம்ரனில் இரவு.
எனக்கு வட்டக்கச்சியில் விடிந்து,
கோழிக்குத் தவிடு குழைக்கிற நேரம்.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு நீரிழிவு? ஓம்.
அப்பாவுக்குப் பிறஷர்? ஓம், இப்ப மட்டு.
முன்னர் ஏற்பட்ட காயம் ஏதேனும்?

அவன் வாசிப்பதை நிறுத்தினான்.
"அது வருத்தமில்லைத்தானே அண்ணா?"
"எழுதினா விலை ஏறும்."
இல்லை என்ற கட்டத்தை அழுத்தினான்.
பதினாறு வருசம் அப்பாவின் வலது தோளுக்குள்
குளிருக்கும் வெயிலுக்கும் புரண்டு படுத்த இரும்பு
அந்தக் காலையில் ஒரு விரலால்
இல்லாமல் போனது.

வந்து மூன்றாம் கிழமை
வாய்க்காலில் முழுகிவிட்டு வந்த மனுசன்
இரவு நடுங்கத் தொடங்கினார். மூச்சு இழுத்தது.
கிளிநொச்சிக்கு ஓட்டோ, ஆயிரத்து எண்ணூறு.
நெஞ்சுப் படத்தை யன்னலுக்கு நேரே பிடித்த
டொக்டர் பிள்ளை, மாத்தறைக்காரி,
பாடப்புத்தகத் தமிழில் கேட்டா:
"ஐயா, இது எப்பொழுது?"
அப்பா திகதி சொல்லவில்லை.
"சீனியைக் கிராம் கணக்கில வித்த கிழமை" என்றார்.
அவ கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
'பழையது' என்று மட்டும் எழுதினா.

நியூமோனியா. ஆறு இரவு.
அங்க எண்டா கட்டிலுக்குக் கட்டில் திரை போடுவினம்
என்றா அம்மா,
பக்கத்துக் கட்டில்காரி தந்த இடியப்பத்தைச் சாப்பிட்டபடி.

துண்டு வெட்டின அன்று
பதினொரு பக்கப் படிவத்தோடு கிளார்க்கிடம் போனேன்.
விபரமான பில் வேணும், சீல் வேணும்.
"தங்கச்சி, இஞ்ச காசு வாங்கிறேல்லை.
வாங்காத காசுக்கு நான் என்னெண்டு பில் தாறது?"
"சைபர் எண்டு போட்டுத் தாங்கோவன் அண்ணை."
"சைபருக்குச் சீல் இல்லை."

மருந்துக்கடை நிமலனிடம் சீல் இருந்தது.
"எவ்வளவு போட?" என்றான்,
தேத்தண்ணிக்குச் சீனி கேட்கிற மாதிரி.
போடட்டும் என்றான் அண்ணன்,
கட்டின காசில் கொஞ்சமாவது திரும்பட்டும்.
என்ர மனுசன் ஒன்றும் சொல்லவில்லை,
குசினிக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.
நானும் எண்ணினேன். பதினாலு தகரம்.
வேண்டாம் என்றது நல்ல குணத்தால் இல்லை.
பெரிய கணக்கு எழுதினால்
படத்தை அனுப்பு என்பார்கள்.
படத்தில் இருக்கிறது, வெள்ளையாய்,
சுண்டுவிரல் நகத்தளவு,
நாங்கள் இல்லை என்று எழுதினது.

குளிசை ஒரு அட்டை, அறுநூற்று எண்பது ரூபா.
மொத்தத் தொகை என்ற பெட்டியில் அதைத்தான் எழுதினேன்.
ஓட்டோக்காரன் பில் தருவதில்லை.

பதில் இரண்டு மாதத்தில் வந்தது:
முதல் நூறு டொலர் உங்கள் பொறுப்பு,
ஆகவே தருவதற்கு எதுவுமில்லை,
விரைவில் குணமடைய வாழ்த்துகிறோம்.
அண்ணன் அதை வாசித்துச் சிரித்தான்.
பிறகு சிரிக்காமல் சொன்னான்,
"படம் உன்னட்டையே கிடக்கட்டும். இஞ்ச அனுப்பாதை."

கிடக்குது. அலுமாரிக்குப் பின்னால்,
சின்னவனின் பட்டத்தாளோடு சுருட்டி.

அவை திரும்பின அன்று
விமான நிலைய வானுக்குள் ஏறி இருந்துவிட்டு
அப்பா கண்ணாடியை இறக்கினார்.
ஏதோ சொல்லப்போகிறார் என்று கிட்டப் போனேன்.
"அந்த சுடுதண்ணிப் போத்தல்,
ஆஸ்பத்திரிக்கெண்டு வாங்கினது.
அதுக்குத் துண்டு எடுத்தனியே?"
"இல்லை அப்பா."
"எடுத்திருக்கலாம்" என்றார்.
வலது கையைத் தூக்க ஏலாமல்
இடது கையை ஆட்டினார்.